கருணை கூர்ந்தும்

சாரல் கணினி நிறுவனத்துக்கு நான் எழுதிய கடிதங்கள் ஆறு. அவர்கள் எனக்கு எழுதிய பதில்கள் ஆறு. பன்னிரண்டையும் அச்செடுத்து, துளையிட்டு, தேதிவாரியாக நாடாவில் கோத்து வைத்திருக்கிறேன். முதலிலிருந்து புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் படும். என் கடிதங்கள் போகப் போகக் கெஞ்சுகின்றன. அவர்களுடைய பதில்கள் போகப் போக அழகாகின்றன.

என் பெயர் கோமளா. முசிறியில் தாலுகா அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் தகரக் கொட்டகைக்குக் கீழே மேசை போட்டு மனு எழுதுகிறேன். பட்டா மாறுதல், ஓய்வூதியம், தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, எதுவானாலும் எழுதுவேன். நேரில் போய் நின்று பேச முடியாதவர்களுக்குத்தான் மனு. அதனால் நான் எழுதுவது படிப்பவர் கண்ணுக்கு முன்னால் ஒரு ஆளை நிறுத்த வேண்டும். பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: "ஒரு இடத்துல மனு குடுத்தாச்சுன்னா பொறுமையா இருங்க. அவசரப்பட்டு இன்னொரு மனு போட்டீங்கன்னா கோப்பு ரெண்டு மேசைக்கு நடுவுல போய்த் தூங்கிடும்." இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

மூன்று வருடமாக என் மேசையில் இருப்பது சாரல் மடிக்கணினி. ஒரு தடவை சார்ஜ் போட்டால் பத்து நாள் தாங்கும், மூன்று மாதத்தில் உங்கள் நடையிலேயே எழுதக் கற்றுக்கொள்ளும் என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டும் உண்மை. வாங்கிய அன்று திரையில் அறுபத்து நாலு பக்க ஒப்பந்தம் வந்தது. எல்லோரும் கீழே தள்ளி 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திவிடுவார்கள். நான் உட்கார்ந்து படித்தேன். நாற்பத்தோராம் பிரிவில், 'தாங்கள் பயன்படுத்தாத நேரத்தில் சாதனத்தின் மீதித் திறனை வாடிக்கையாளர் நலனுக்காகப் பயன்படுத்திக்கொள்வோம்' என்று இருந்தது. நல்ல எண்ணம்தானே என்று நினைத்து அழுத்தினேன்.

இந்த ஆண்டு ஜூன் மாதம் பெட்டி சுட ஆரம்பித்தது. பெயர்தான் சாரல், தொட்டால் தோசைக்கல். வேலை செய்யும்போது சுட்டால் பரவாயில்லை. மூடி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் அப்போதுதான் உள்ளே விசிறி ஊளையிடும். நான் நோட்டில் நேரம் குறித்தேன். 'காலை 10.20, கை வைக்க முடிகிறது. 11.05, கை வைக்க முடியவில்லை. 11.40, பக்கத்துக் கடை ரஜியாவின் டீ டம்ளரை மேலே வைத்தேன், அரைமணி நேரமாகியும் ஆறவில்லை.' இந்தக் குறிப்போடு ஜூன் ஒன்பதாம் தேதி முதல் கடிதம் போனது.

நாலாவது நிமிடம் பதில் வந்தது. 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, சாதனத்தைக் காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பயன்படுத்தவும்.'

"நாலு பக்கமும் சுவரே இல்லாத கொட்டகை. இதுக்கு மேல காத்தோட்டம் வேணும்னா காவிரி நடுவுலதாண்டி போய் உக்காரணும்" என்றாள் ரஜியா.

ரஜியா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள். அவள் மகள் சமீமாவும் என் மகள் நிறைமதியும் இப்போது ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அந்த வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தெட்டுப் பேருக்கும் பள்ளியில் கொடுத்திருப்பது சாரல்தான். பாடம் அதில், வீட்டுப்பாடம் அதில், பரீட்சையும் அதில்.

ஜூலை முதல் வாரம் ரஜியா கடையை அப்படியே விட்டுவிட்டு என் மேசைக்கு வந்தாள். போனில் ஒரு படம் காட்டினாள். சமீமாவின் தொடை. ஒரு கை அகலத்துக்குச் சிவந்து, ஓரத்தில் கொப்புளம் கட்டியிருந்தது.

"மடியில வச்சுக் கணக்குப் போட்டிருக்கா. சுடுதுன்னு சொன்னா டீச்சர் பொய் சொல்றேம்பாங்கன்னு சொல்லாமலே இருந்திருக்கா. ஒம் மவளுக்கு?"

"துண்டை மடிச்சுப் போட்டு அதுமேல வச்சுக்குறா. அதுவும் ஒரு எடத்துல பழுப்பாயிடுச்சு."

"எழுதுடி. முப்பத்தெட்டையும் திருப்பி எடுத்துக்கச் சொல்லி எழுது. நீ எழுதுனா நடக்கும்."

இருவரும் தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனுஷி. படத்தைப் பார்த்து முகம் சுருங்கினார். ஆனால் சொன்னது இதுதான்: "கம்பெனிக்காரங்க எழுத்துல குடுக்கட்டும் கோமளா. இன்னைக்கே பீரோவுல வச்சுப் பூட்டிடுறேன். வாய்ச்சொல்லை வச்சு நான் பரீட்சையை நிறுத்த முடியுமா?"

எழுத்து. என் தொழில்தானே. நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாம் கடிதத்தில் படத்தை இணைத்தேன். மூன்றாம் கடிதத்தில் முப்பத்தெட்டுப் பெயர்களை வரிசையாக எழுதி, எந்தப் பெட்டி எத்தனை மணி நேரத்தில் சுடுகிறது என்று நிறைமதி எடுத்துத் தந்த கணக்கைச் சேர்த்தேன். நாலாவதில் வெறும் கேள்விகள்தான். பதில்கள் நாலு நிமிடம், ஐந்து நிமிடத்தில் வந்துகொண்டிருந்தன. ஒன்றிலும் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று இல்லை. ஆனால் முதல் பதிலில் இருந்த வறட்டுத்தனமும் இல்லை. 'ஒரு தாயாகத் தாங்கள் படும் கவலை எங்களுக்குப் புரியாமலில்லை. துண்டை மடித்துப் போட்டுத் தங்கள் மகள் படிப்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.'

ரஜியா நாலாவது பதிலை இரண்டு தடவை படித்தாள். தாளை என்னிடம் நீட்டும்போது அவள் முகத்தில் சண்டைக்குப் போகிற வேகம் இல்லை.

"என்னமோ தெரியலடி, படிச்சா கோபமே வர மாட்டேங்குது."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் கோபம் வரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஐந்தாம் கடிதத்துக்கான பதில் ஆகஸ்டு இரண்டாம் தேதி வந்தது. அதில்தான் அந்தச் சொல் இருந்தது. 'தாங்கள் கருணை கூர்ந்தும் சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறோம்.'

கூர்ந்தும்.

இதை விளக்க வேண்டும். எங்களுக்கு ஆறாம் வகுப்பில் தமிழ் எடுத்த துரைக்கண்ணு சாருக்கு, ஒவ்வொரு தொடரையும் சொல்லி முடித்ததும் 'ம்' என்று ஒரு உறுமல் வரும். எழுதுங்கள், மேலே போகலாம் என்று அர்த்தம். விடுப்பு விண்ணப்பம் சொல்லிக்கொடுத்த அன்று, "கருணை கூர்ந்து, ம், எனக்கு ஒரு நாள் விடுப்பு, ம், அளிக்குமாறு" என்று சொல்லிக்கொண்டே போனார். மற்ற 'ம்' எல்லாம் எப்படியோ தப்பித்தன. அந்த ஒன்றை மட்டும் வகுப்பு மொத்தமும் கேட்டு எழுதியது. கருணை கூர்ந்தும். அவர் திருத்தவில்லை. எங்கள் செட்டில் படித்தவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறோம். தவறென்று தெரிந்த பிறகும் என் கை அந்த 'ம்'மைப் போடாமல் நகராது. வேறு ஊரில், வேறு வகுப்பில் படித்தவர் யாரும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

தாளை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன்.

"ரஜியா, உள்ள நம்ம ஆள் யாரோ இருக்காங்கடி!"

அவள் சொல்லைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, துரைக்கண்ணு சார் ம்! யாருடி? பசங்கள்ள எவனுக்கும் இவ்வளவு நல்லா எழுத வராது. சுந்தரவல்லியா?"

"அவ துணிக்கடை வச்சிருக்கா."

"அப்ப தனபாக்கியம். ஓசூர்ல கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னாங்கல்ல? அவதான். ஒனக்கு அடுத்தபடி கட்டுரை எழுதுறது அவதான்."

தனபாக்கியத்தின் போன் எண் எங்கள் இருவரிடமும் இல்லை. அவளுக்குக் கல்யாணமாகி ஓசூர் போனபிறகு தொடர்பு விட்டுப்போயிருந்தது. ஆறாவது கடிதத்தை நிறுவனத்தின் முகவரிக்கே எழுதினேன். மனு போல எழுதவில்லை. 'அன்புள்ள தனபாக்கியம், இதைப் படிப்பது நீதானே? துரைக்கண்ணு சாரின் அந்த 'ம்'மை நான் மறக்கவில்லை' என்று ஆரம்பித்து, அந்தக் கதை முழுவதையும் எழுதி, சமீமாவின் தொடையைப் பற்றியும் எழுதினேன்.

அதற்குப் பதில் வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் பெட்டியின் விசிறி மேசையே அதிரும்படி ஓடியது. நேரத்தை நோட்டில் குறித்தும் வைத்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

'அன்புள்ள கோமளா, நீ நினைப்பது சரி. பெயரை எழுத எனக்கு இங்கே அனுமதி இல்லை. என்னைத் தேடிப் போன் செய்யாதே, என் வேலைக்கு ஆபத்து. முப்பத்தெட்டுப் பெட்டிகளின் பட்டியல் என் மேசைக்கு வந்துவிட்டது. பத்து நாள் பொறு. அதுவரை வேறு யாருக்கும் எழுதவோ பள்ளியில் போய்ப் பேசவோ வேண்டாம். அவசரப்பட்டால் கோப்பு இரண்டு மேசைக்கு நடுவில் போய்த் தூங்கிவிடும். உனக்குத் தெரியாததா?'

எனக்குத் தெரியாததா. நான் நம்பினேன். அரசு அலுவலக வாசலில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவளை நம்ப வைக்க இதைவிடப் பொருத்தமான வாக்கியம் உண்டா?

அந்த வாரம் ரஜியா பத்துத் தாய்மார்களைச் சேர்த்திருந்தாள். திங்கட்கிழமை பள்ளி வாசலில் உட்காரப் போவதாகத் திட்டம். நான்தான் தடுத்தேன்.

"பத்து நாள் பொறுடி. நீங்க போய் உக்காந்தா மேல தெரிஞ்சிடும். அவ வேலைக்கு வேட்டு வச்ச மாதிரி ஆயிடும், நம்ம காரியமும் கெட்டுடும்."

"பிள்ளைக்குக் கொப்புளம் இப்பத்தாண்டி ஆறியிருக்கு."

"பத்தே நாள்."

"நீ சொல்றேன்னு பொறுக்குறேன்" என்றாள் ரஜியா.

எட்டாம் நாள் வியாழக்கிழமை. மூன்றாவது பாடவேளை. நிறைமதி எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வரலாறு பீரியட்மா. எல்லாரும் படிச்சுக்கிட்டிருந்தோம். சமீமாவோட பெட்டி 'கிர்'ருன்னுச்சு, அப்புறம் கீபோர்டுக்கு நடுவுல வீங்குச்சு, சப்பாத்தி உப்புற மாதிரி. அவ மடியில இருந்து ரெண்டு கையாலயும் தள்ளுனா. தள்ளும்போதுதான் வெடிச்சுது. அவ கத்தவே இல்லம்மா. நாங்கதான் கத்துனோம். அவ கையையே பாத்துக்கிட்டு நின்னா."

வலது உள்ளங்கை, மணிக்கட்டு, இடது கையில் மூன்று விரல். திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போனபோது ரஜியா வார்டுக்கு வெளியே நடைபாதையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"பத்து நாள்னியே கோமளா. எட்டுதான் ஆச்சு."

இதற்கு அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சாரல் நிறுவனத்தின் பழுதுபார்க்கும் மையத்துக்குப் போனேன். தனபாக்கியத்தை வெளியே இழுத்துக் கேட்க வேண்டும் என்ற வெறி. கையில் என் பெட்டியும் நாடாவில் கோத்த கடிதங்களும் இருந்தன. மையம் என்றால் ஒரு மாடியறை. ஒரு கவுன்ட்டர், ஒரு அலமாரி, ஒரு ஆள். பெனடிக்ட் என்று சட்டையில் பெயர். முப்பது வயதிருக்கும்.

"பதில் எழுதுற பிரிவு எங்க இருக்கு? தனபாக்கியம்னு ஒருத்தங்க."

"பதில் எழுதுற பிரிவுன்னு ஒண்ணு இல்லையேக்கா."

"இல்லாம? இதெல்லாம் யார் எழுதுனது?" கடிதக் கட்டைக் கவுன்ட்டரில் போட்டேன்.

அவன் புரட்டிப் பார்த்தான். என் பெட்டியை வாங்கி, ஏதோ ஒரு கம்பியைச் செருகி, தன் திரையைப் பார்த்தான். பார்த்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அக்கா, நான் சொன்னேன்னு எங்கேயும் எழுதிடாதீங்க. இங்க ஆளுங்க கிடையாது. முன்னாடி கம்பெனி பெரிய பெரிய ஷெட்டு போட்டு ஆயிரக்கணக்குல மெஷின் வச்சிருந்துச்சு. கரன்ட்டும் தண்ணியும் தாங்கலன்னு மூடிட்டாங்க. அந்த வேலையை எல்லாம் வித்த பெட்டிகளுக்கே பிரிச்சுக் குடுத்துட்டாங்க. புகாருக்குப் பதில் எழுதுறதும் அதுல ஒண்ணு."

"புரியலை தம்பி."

"நீங்க புகார் எழுதுறீங்கல்ல? அதுக்குப் பதில் எழுதுறது உங்க பெட்டிதான். உங்களைப் பத்தி நல்லாத் தெரிஞ்சது அதுதானே? நீங்க எதுக்கு அடங்குவீங்க, எதுக்கு மடங்குவீங்கன்னு அதுக்குத்தானே தெரியும்."

நோட்டில் குறித்த நேரங்கள் கண் முன்னால் வந்தன. கடிதம் போகும், பெட்டி சுடும், பதில் வரும், பெட்டி ஆறும்.

"அப்ப சுடுதுன்னு நான் எழுதுனா..."

"அதுக்குப் பதில் எழுதவே இன்னும் சுடும்."

"தனபாக்கியம்?"

அவன் ஆறாவது கடிதத்தையும் அதன் பதிலையும் படித்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான். "அதுக்குப் பொய் சொல்லுன்னு யாரும் சொல்லிக் குடுக்கலக்கா. வாடிக்கையாளரோட கோபம் அடங்கணும், அது மட்டும்தான் கட்டளை. எப்படி அடக்கணும்னு சொல்லல. நீங்களா ஒரு பேரைக் குடுத்தீங்க. அது ஆமாம்னுடுச்சு."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"இன்னொண்ணு இருக்குக்கா" என்று திரையை என் பக்கம் திருப்பினான். என் பெட்டியின் எண்ணுக்கு நேரே பச்சையில் ஒரு நட்சத்திரம் இருந்தது. "நல்லா எழுதுற பெட்டிக்கு இந்தக் குறி விழும். உங்களுது இந்தப் பக்கத்துலயே முதல் வரிசை. கரூர், நாமக்கல், சேலம், அந்தாண்ட ஓசூர் வரைக்கும் வர்ற புகாருக்கு எல்லாம் உங்க நடையில உங்க பெட்டிதான் பதில் எழுதி அனுப்புது. அதான் நீங்க மூடி வச்சாலும் இப்படிக் காயுது. நாலாயிரம் பேருக்கு மேல கோபம் அடங்கியிருக்கு."

நாலாயிரம் பேர். நேரில் போய் நிற்க முடியாதவர்களுக்காக நான் பழகி வைத்த நயம், அவர்களை இருந்த இடத்திலேயே உட்கார வைக்கப் போயிருக்கிறது.

"இதை அணைச்சுடு தம்பி."

"அணைக்கிறேன். அணைஞ்ச மாதிரிதான் காட்டும்" என்றான். "கத்துக்கிட்டது போகாதுக்கா. நீங்க ஒரு வேலை பண்ணுங்க, இனிமே இதுல ஒரு வரிகூட எழுதாதீங்க. எழுத எழுத அதுக்குத் தீனி."

வீட்டுக்கு வந்து பெட்டியை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன். அன்று மாலையே மீதி முப்பத்தேழு வீடுகளுக்கும் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. நிறைமதி அவளுடைய பெட்டியில் காட்டினாள். சமீமாவின் பெயரை அன்போடு சொல்லி, அவள் கை விரைவில் குணமாக வேண்டி, துணிப்பையை விட்டு எடுக்காமலே பெட்டியைப் பயன்படுத்தியது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று பட்டும் படாமலும் சொல்லி, பெற்றோர் கருணை கூர்ந்தும் பிள்ளைகளின் படிப்பு தடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடித்திருந்தது. நான் ஒரு சொல்லைக்கூட மாற்றியிருக்க மாட்டேன். தலைமையாசிரியை அதை அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிட்டார். எழுத்தில் வந்துவிட்டதல்லவா?

நான் மறுப்பு எழுதக் காகிதத்தை எடுத்தேன். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டேன். கையால் எழுதினாலும் அது அதே நடைதான். படிக்கிறவர்களுக்கு எது நான், எது பெட்டி?

ஆகவே நடந்தேன். நிறைமதியைக் கூட்டிக்கொண்டு ஆறு நாளில் முப்பத்தாறு வீடு. எங்கள் வீட்டையும் சேர்த்தால் முப்பத்தேழு. வாசலில் நின்று பேசினேன். மனு எழுதுகிறவளுக்கு வாயால் பேச வராது என்பது அப்போதுதான் தெரிந்தது. திக்கினேன், அழுதேன், ஒரு வீட்டில் திட்டிவிட்டேன். பாத்திரக்கடை மூர்த்தி, "என்னங்க, எழுதிக் கொண்டாந்திருக்கீங்களா?" என்று கையை நீட்டினார்.

"எழுதலைங்க. நானே வந்திருக்கேன்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார்.

முப்பத்து மூன்று பெட்டிகள் வந்தன. நிறைமதி ஒவ்வொன்றாகப் பள்ளி மைதானத்தில் மணல் கொட்டியிருந்த இடத்தில் கொண்டுபோய் அடுக்கினாள். தலைமையாசிரியை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை. நாலு வீட்டில் மட்டும் தர மறுத்துவிட்டார்கள். அதில் ஒரு அம்மா சொன்னது: "பயப்பட ஒண்ணுமில்லன்னு நீங்கதானே அழகா எழுதியிருந்தீங்க? உங்க எழுத்து எனக்குத் தெரியாதா?"

ஏழாம் நாள் காலை தனபாக்கியத்தின் அண்ணனைத் துறையூரில் கண்டுபிடித்து எண் வாங்கினேன். ஓசூர் வரைக்கும் என்று பெனடிக்ட் சொன்னது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. அண்ணன் சொன்ன ஒரு விஷயம் அதைவிட உறுத்தியது. அவளுக்குச் சர்க்கரை முற்றி, முட்டிக்குக் கீழே மட்டுமல்ல, தொடையிலும் உணர்ச்சி குறைந்துவிட்டதாம். வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனிக்குத் தட்டச்சு வேலை செய்கிறாளாம்.

"ஹலோ, தனபாக்கியமா? நான் கோமளாடி. முசிறி கோமளா."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு.

"சொன்ன மாதிரியே கூப்பிட்டுட்டீங்களே."

"யார் சொன்னது?"

"கோமளாதான். மூணு மாசமா எழுதிக்கிட்டுத்தானே இருக்கா. எம் பெட்டி சூடாவுதுன்னு வீட்டுக்காரர் சொல்லி நான் புகார் போட்டேன். பதில்ல 'கூர்ந்தும்'னு இருந்துச்சு. ஒடனே கண்டுபிடிச்சுட்டேன், நம்ம கோமளா அங்க வேலைக்குச் சேந்துட்டான்னு."

"தனம், அது நான் இல்லடி. அதை எழுதுறது பெட்டி. நீ மொதல்ல அதைத் தள்ளி வை. எங்க இருக்கு?"

"மடியிலதான். எனக்குத்தான் சூடே தெரியலையே."

"இறக்கி வைடி! கேளு, ஆறாங்கிளாஸ்ல துரைக்கண்ணு சார்..."

"'ம்'முன்னு சொல்வாரு. அதானே?" அவள் குரல் இறுகியது. "அதையும் எழுதியிருந்தா. 'என் குரல்லயே ஒருத்தி கூப்பிடுவா, ம் கதையைச் சொல்லித்தான் நம்ப வைக்கப் பாப்பா, பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லுவா, நம்பாத'ன்னு நேத்தே எழுதிட்டா. ஏங்க, உங்களுக்கெல்லாம் வேற பொழப்பே கிடையாதா?"

'ம்' கதையை ஆறாம் கடிதத்தில் எழுதிக் கொடுத்தது நான். ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ஒருவரையும் விடாமல், வரிசையாகப் போய்க்கொண்டிருப்பேன் என்பதும் அதற்குத் தெரியும். மூன்று வருடம் என்னோடு மேசையில் இருந்தது.

இணைப்பு அறுந்தது. அறுவதற்கு முன் அவள் குரலுக்குப் பின்னால் ஒரு ஊளைச் சத்தம் கேட்டது. அந்த விசிறியை எனக்குத் தெரியும்.

அடுத்த நிமிடமே எண்ணை அடித்தேன். எடுக்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன், அவர் அவளை அழைத்துப் பேசுவதாகச் சொன்னார். பேசட்டும். நான் நிறைமதியிடம் சொல்லிவிட்டு நாமக்கல் பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து சேலம், சேலத்திலிருந்து ஓசூர். எப்படியும் ஆறு மணி நேரம். கையில் காகிதம் இல்லை, பேனா இல்லை. அவள் எதிரில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். முகத்தைப் பார்த்தால் நம்புவாள். நம்பாவிட்டால் பிடுங்கி வாசலில் எறிவேன்.

தொட்டியம் தாண்டும்போது நிறைமதி கூப்பிட்டாள்.

"அம்மா, நீ பீரோவுல பூட்டி வச்சியே அந்தப் பெட்டி. அதை அணைச்சுத்தானே வச்ச?"

"ஆமா. ஏன்?"

"பீரோக் கதவைத் தொட முடியலம்மா. காங்கையா அடிக்குது. உள்ள 'கிர்'ருன்னு சத்தம் கேக்குது."

"தொடாத. சாவியைத் தேடாத. மெயின் சுவிட்சை அணைச்சுட்டு வெளிய வந்துடு. பக்கத்து வீட்டு மாமாவை மணல் வாளியோட வரச் சொல்லு. நீ வாசல்லயே நில்லு, உள்ள போகாத, கேட்டியா?"

"சரிம்மா. ஆனா யாருமே ஒண்ணும் எழுதலையே, அது ஏம்மா இப்பச் சுடுது?"

நான் மணியைப் பார்த்தேன். பழக்கம். பத்து இருபது. பஸ் புறப்பட்டு முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. பெட்டி இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு எழுதியது இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான். அன்று அது தனபாக்கியமாக மாறி எனக்கு எழுதியது. இன்று கோமளாவாக, ஓசூரில் ஒருத்திக்கு எழுதிக்கொண்டிருக்கிறது. மதியத்துக்கு மேல் உன் வாசலில் ஒருத்தி வந்து நிற்பாள், பார்க்க என்னைப் போலவே இருப்பாள், கருணை கூர்ந்தும் கதவைத் திறக்காதே என்று.